ஒரு லிட்டர் எத்தனாலுக்கு எந்தப் பயிர்?

மாசி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் எங்கள் களத்துக்கு வந்து போனார்கள். முதலில் வந்தவர் சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலர். அடுத்த பருவத்துக்கு எத்தனை ஏக்கர் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று நாள் கழித்து மக்காச்சோளத் தரகர் வந்தார். கோழித் தீவனத்துக்கு மட்டும் வாங்கிய காலம் போய்விட்டது, எத்தனால் ஆலைக்காரர்களும் மூட்டை மூட்டையாகக் கேட்கிறார்கள், ஐந்து ஏக்கரிலும் மக்காச்சோளம் போடுங்கள் என்றார். இருவருக்கும் வேண்டியது கடைசியில் ஒன்றுதான். பெட்ரோலில் கலக்கும் எத்தனால்.

எங்கள் நிலம் சேலம் மாவட்டத்துத் தலைவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கிணறு, ஆயிரம் அடியைத் தாண்டிய ஒரு ஆழ்துளைக் கிணறு. கரும்பு, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூன்றும் இங்கே விளையும். நான்காவதாக இனிப்புச் சோளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இந்த நான்கில் எரிபொருளுக்கென்று எதை விதைப்பது நியாயம் என்று பத்து நாள் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி இவ்வளவு வேகமாக நம் வயலுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 2013-14இல் நாட்டில் விற்ற பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஒன்றரை விழுக்காடுதான். 2022 ஜூனில் 10 விழுக்காட்டைத் தொட்டது. 2030இல் எட்டவேண்டிய 20 விழுக்காட்டு இலக்கை அரசு முன்னுக்கு இழுத்தது. 2025இல் எட்டியும் விட்டது. இன்று வண்டிக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் ஒரு லிட்டர் வயலிலிருந்து வந்தது. அந்த ஒரு லிட்டருக்குக் கரும்பென்றால் 14 கிலோவுக்குச் சற்று மேலே அரைக்க வேண்டும். மக்காச்சோளமென்றால் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேலே போதும். டன் கணக்கில் சொன்னால், ஒரு டன் கரும்பின் சாற்றில் 70 லிட்டர், ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர்.

இதைப் பார்த்ததும் மக்காச்சோளமே மேல் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. பனையிலிருந்து இறக்கியதை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். அரிசியிலிருந்து சாராயம் எடுக்க வேண்டுமானால் முதலில் வேகவைத்தாக வேண்டும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கரும்புச் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, ஈஸ்ட் நேராக வேலையைத் தொடங்கிவிடும். மக்காச்சோளத்தில் இருப்பது மாவுச்சத்து. அரைத்து, நீர் சேர்த்து, சூடேற்றி, நொதிகளைப் போட்டு அதைச் சர்க்கரையாக்கிய பிறகுதான் ஈஸ்டுக்கு வேலை. இந்தச் சூட்டுக்கும், பிறகு காய்ச்சி வடிக்கிற சூட்டுக்கும் விறகு யார் தருவது? கரும்பு தன் விறகைத் தானே கொண்டுவருகிறது. சாறு பிழிந்த சக்கையை எரித்தே ஆலை ஓடும், மிஞ்சிய மின்சாரத்தை விற்கவும் செய்யும். மக்காச்சோள ஆலைக்கு நிலக்கரியோ, உமியோ, எரிவாயுவோ வெளியிலிருந்து வர வேண்டும். அதனால்தான் பிரேசிலின் கரும்பு எத்தனால், செலவழித்த ஒரு பங்கு புதைபடிவ ஆற்றலுக்கு எட்டுப் பங்கு வரை திருப்பித் தருகிறது என்கிறார்கள். அமெரிக்காவின் மக்காச்சோள எத்தனாலுக்கு அது ஒன்றரை, இரண்டு பங்கு என்ற அளவில் நிற்கிறது. கரியமில வாயுவைக் குறைப்பதற்காகத்தான் எத்தனால் என்றால் இந்த ஓரிடத்தில் கரும்பை எதனாலும் அடிக்க முடியாது. இதை மனதார ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறேன்.

இனி ஏக்கர் கணக்கு. எங்கள் பக்கம் நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏக்கருக்கு 40 டன் கரும்பு. முழுவதையும் சாறாக்கி எத்தனால் எடுத்தால் 2,800 லிட்டர். அதற்கு ஓர் ஆண்டு ஆகும். பாசன மக்காச்சோளம் ஏக்கருக்கு 28 குவிண்டால் என்று வைத்தால் ஏறக்குறைய 1,060 லிட்டர். ஆனால் 110 நாளில் நிலம் காலி. நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். கரும்பு ஒரு நாளைக்கு எட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, மக்காச்சோளம் ஒன்பதரைக்கு மேல். ஏக்கருக்கு அதிகம் தருவது கரும்பு என்று எல்லோரும் சொல்வது, நிலம் ஆண்டு முழுதும் அதற்கே அடைபட்டுக் கிடப்பதை மறந்துவிட்டுச் சொல்வது.

அடுத்தது தண்ணீர். நான் நோட்டை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்த பக்கம் இதுதான்.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று இருக்கிறது. என் நிலத்துக்கும் போட்டுப் பார்த்தேன். கரும்புக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 4,000 லிட்டருக்குச் சற்று மேலே. ஆக ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர், அதை 2,800 லிட்டர் எத்தனாலால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே எண் வருகிறது. மக்காச்சோளத்துக்கு 550 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,100 லிட்டர். பலரும் பேசுவது போல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. முதலில் இது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று பிடிபட்டது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சேலம் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பெய்கிற சராசரி மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குள்தான். கரும்பு கேட்பதில் பாதிக்கு மேல் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஏக்கருக்குக் குறைந்தது 40 லட்சம் லிட்டர், அதுவும் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில். மக்காச்சோளத்தைப் புரட்டாசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். கதிர் பிடிக்கிற நேரத்திலும் பால் பிடிக்கிற நேரத்திலும் மூன்று, நான்கு தண்ணீர் கட்டினால் போதும். வானம் ஒத்துழைத்தால் அதுவும் வேண்டாம், மானாவாரியிலேயே ஏக்கருக்கு 12, 15 குவிண்டால் எடுக்கிறவர்கள் பெரம்பலூர்ப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். என் அப்பா இந்த நிலத்தில் கமலை இறைத்தவர். அவர் காலத்தில் 40 அடியில் கிடைத்த நீர் இன்று ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கிறது. அந்த நீரை மேலே ஏற்றிக் கரும்பாக்கி, கரும்பை எத்தனாலாக்கி, வண்டியில் எரிக்க என் மனம் ஒப்பவில்லை.

கரும்பின் மேல் எனக்கு வெறுப்பு ஏதும் கிடையாது. பதினெட்டு ஆண்டு கரும்பு போட்ட குடும்பம் எங்களுடையது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்த மறுதாம்புக் கரும்பில் கிடைத்த பணத்தில்தான் அக்காவின் திருமணம் நடந்தது. ஆனால் கரும்பு போட்டவன் விலையை மட்டுமல்ல, நாளையும் ஆலையின் கையில் கொடுத்துவிடுகிறான். சில ஆண்டுகளுக்கு முன்பு கரும்பை வெட்டச் சொல்லி ஆலை தருகிற கட்டிங் ஆர்டர் எங்களுக்கு ஏழு வாரம் தள்ளி வந்தது. கரும்பு பூத்துவிட்டது. வெட்டியபோது ஒரு கழியைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். நடுவில் வெண்டு விழுந்து பஞ்சு போல இருந்தது, கணுவுக்குக் கணு சிவந்திருந்தது. எடையில் ஏக்கருக்கு ஆறு டன் குறைந்தது. அந்தப் பணமும் பதினான்கு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2024-25 அரவைப் பருவத்துக்கு டன்னுக்கு 3,500 ரூபாய் கிடைக்க வழி செய்தார்கள். மத்திய அரசின் விலையோடு மாநில அரசின் ஊக்கத்தொகை 349 ரூபாயும் சேர்ந்து. நல்லதுதான். ஆனால் வெட்டுக்கூலிக்கே டன்னுக்கு ஆயிரத்தை ஒட்டிப் போய்விடுகிறது.

கரும்பு எத்தனாலில் மூன்று வகை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சாற்றை நேராக எத்தனாலாக்குவது ஒன்று. சர்க்கரையை முழுவதும் எடுக்காமல் பாதியில் நிறுத்தி, சர்க்கரைச் சத்து மிகுந்த பாகிலிருந்து எடுப்பது இரண்டாவது. இதை பி-ஹெவி என்பார்கள். எடுக்க முடிந்த சர்க்கரையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுகிற கருங்கழிவுப் பாகான சி-ஹெவியிலிருந்து எடுப்பது மூன்றாவது. முதல் வகையில் டன்னுக்கு 70 லிட்டர், கடைசி வகையில் 11 லிட்டர் கூட வராது. ஆனால் அந்த 11 லிட்டருக்காகத் தனியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் பாய்ச்சவில்லை. சர்க்கரைக்காக ஏற்கெனவே பாய்ச்சியதில் மிஞ்சியது அது. எத்தனாலிலேயே எனக்கு முழு மரியாதை உள்ள எத்தனால் இதுதான். கொள்முதல் விலையோ தலைகீழாக இருக்கிறது. 2024-25இல் சி-ஹெவிக்கு லிட்டர் 57.97 ரூபாய், பி-ஹெவிக்கு 60.73, சாற்றுக்கு 65.61. மிச்சத்துக்குக் குறைந்த விலை, மூலதனத்தைக் கரைப்பதற்குக் கூடுதல் விலை.

இந்த ஏற்பாடு மழை பொய்த்ததும் எப்படி ஆட்டம் கண்டது என்பதை 2023 காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதும் மழை ஏமாற்றியது. ஜூலையிலேயே இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியிருந்தது. டிசம்பர் 7ஆம் தேதி கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சில நாளில் தளர்த்தி, 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். கரும்பும் அரிசியும் ஒரே ஆண்டில் கைவிட்டதும் பாரம் முழுக்க மக்காச்சோளத்தின் தலையில் இறங்கியது. மக்காச்சோள எத்தனாலின் விலை லிட்டர் 71.86 ரூபாய்க்கு ஏறியது. வகைகளிலேயே உயர்ந்த விலை அது. 2023-24இல் தானியம் கரும்பை முந்திவிட்டது. ஆண்டுதோறும் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது.

இதன் சூடு எனக்குத் தெரிந்தது அக்கா வீட்டில்தான். மச்சானுக்கு ராசிபுரம் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை. தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். “மாப்பிள்ளை, நீங்கள் விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் விலை ஏறட்டும், சந்தோஷம். ஆனால் முட்டை விலையை நான் வைக்கவில்லையே” என்றார். அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும், அதில் மக்காச்சோளம் சுமார் 55 கிராம். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் போகிற மக்காச்சோளம் ஒரு கோழிக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். அந்த எத்தனால் மக்காச்சோளத்திலிருந்து வந்ததென்றால், நான் ஐந்து லிட்டர் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு கோழியின் ஒன்றரை மாத மக்காச்சோளம் எரிகிறது.

எத்தனால் தரப்புக்கு இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. மாவுச்சத்து மட்டும்தான் சாராயமாகிறது. புரதமும் கொழுப்பும் நாரும் சக்கையில் தங்கிவிடும். அதை உலர்த்தி டிடிஜிஎஸ் என்ற பெயரில் தீவனத்துக்கு விற்கிறார்கள். தானியத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது. மச்சான் ஒரு முறை வாங்கிப் பார்த்தார். பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார், எனக்கும் நீட்டினார். புளித்த மாவும் கருகிய வெல்லமும் கலந்த வாடை. நல்ல சரக்கு பொன்னிறமாக இருக்கும், இது காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. கூடுதலாகச் சூடு பட்டால் புரதம் செரிக்காமல் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈரத்தோடு கட்டிய மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து நஞ்சு இருந்தால், மாவுச்சத்து போன பிறகு மிஞ்சுகிற சக்கையில் அந்த நஞ்சு மூன்று மடங்காகச் செறிந்துவிடும். நாங்கள் தை மாதத்தில் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைக்கிறவர்கள். வியாபாரியின் ஈரப்பத மீட்டர் 17 விழுக்காடு காட்டினாலும் விலையைக் குறைத்து எடுத்துக்கொண்டு போகிறார். அந்த மூட்டை எங்கே போய் என்னவாகத் திரும்பி வருகிறது என்பதை மச்சானின் பையைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

பெரிய நாடுகளின் அனுபவத்தை முழுக்க இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி லிட்டர் எத்தனாலை மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிறது, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போகிறது. அங்கே நிலம் பரந்து கிடக்கிறது, தீவனத்துக்குப் போக மிஞ்சவும் செய்கிறது. எனக்குப் பாடமாகத் தெரிவது பிரேசில். 1975இலிருந்து கரும்பையே நம்பியிருந்த நாடு அது. இப்போது அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. மாட்டோ குரோசோ மாநிலத்தில் சோயா அறுவடை முடிந்ததும், மிச்ச மழையை வைத்து அதே நிலத்தில் இரண்டாம் போகமாக மக்காச்சோளம் போடுகிறார்கள். கொதிகலனுக்குத் தைல மரச் சில்லுகளை எரிக்கிறார்கள். புது நிலமோ பாசனமோ பெரிதாகத் தேவைப்படவில்லை. மழையில் மிச்சம், காலத்தில் மிச்சம், அதில் விளைந்த பயிர். நம் புரட்டாசிப் பட்டத்துக்கு இது நெருங்கிய சொந்தம்.

குச்சிக்கிழங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டன் பச்சைக் கிழங்கில் 150 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும், தாய்லாந்தில் எடுக்கிறார்கள். ஏக்கருக்கு 12 டன் என்றால் பத்து மாதத்தில் 1,800 லிட்டர். சொட்டுநீரில் சிக்கனமாக வளரும். நம் நாட்டுக் கொள்கையிலும் மரவள்ளிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆத்தூர், சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் காத்திருக்கின்றன. மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து அவர்கள் தருகிற விலையை எத்தனால் ஆலை தரப்போவதில்லை. உணவாகிற கிழங்கை எரிக்கக் கொடுக்க எனக்கும் விருப்பமில்லை.

இனிப்புச் சோளம்தான் எனக்கு வருத்தம் தருகிற பயிர். பார்க்க நாட்டுச் சோளம் போலத்தான் இருக்கும், தட்டையைக் கடித்தால் கரும்பு போல இனிக்கும். நாலே மாதம். 400, 500 மில்லிமீட்டர் மழை போதும். மேலே கதிரில் தானியம் மனிதனுக்கு, தட்டையில் சாறு எத்தனாலுக்கு, பிழிந்த சக்கை மாட்டுக்கு. ஏக்கருக்கு 15 டன் தட்டையில் 600, 700 லிட்டர் வரும். ஹைதராபாத்தை அடுத்த இக்ரிசாட் ஆய்வு மையம் இதில் பல ஆண்டு உழைத்து நல்ல ரகங்களைக் கொண்டுவந்தது. 2007இல் அதன் துணையோடு இன்றைய தெலங்கானாப் பகுதியில் ஒரு வடிசாலையும் தொடங்கினார்கள். ஆனாலும் பரவவில்லை. வெட்டிய ஒரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். எல்லார் வயலும் ஒரே வாரத்தில் வெட்டுக்கு வரும், மீதி மாதங்கள் ஆலை சும்மா கிடக்கும். மக்காச்சோளம் என்றால் மூட்டை கட்டி ஓராண்டு வைக்கலாம். ஊருக்கு ஊர் சிறு பிழிப்பான் வைத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி அனுப்பும் முறையையும் இக்ரிசாட் முயன்று பார்த்தது. வெல்லம் காய்ச்சத் தெரிந்த நம் ஊர்களுக்கு அது எட்டாத வேலை இல்லை. கரும்புச் சாற்றுக்குக் கொடுக்கிற கவனத்தில் நாலில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

விலை விஷயத்திலும் தரகர் சொன்ன அளவுக்கு நம்பிக்கை வைக்க முடியவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு விவசாயிக்குப் போவது எவ்வளவு என்று பார்த்தேன். 2024-25இன் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். அதன்படி மக்காச்சோளத்தில் 58 ரூபாய்க்குச் சற்று மேலே. கரும்பில் 50 ரூபாய். தாளில் மக்காச்சோளம் மேல். ஆனால் கரும்புக்குச் சட்டப்படி விலை உண்டு, தாமதமானாலும் கேட்டு வாங்கலாம். மக்காச்சோள ஆதரவு விலையைச் சந்தை மதிப்பதில்லை. 2025 இறுதியில் கர்நாடகத்தில் நல்ல விளைச்சல் வந்ததும், ஆதரவு விலையான 2,400 ரூபாய்க்கு வெகுவாகக் கீழே விற்று, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். நாடு முழுவதும் எத்தனால் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆலைக்கு எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு இவ்வளவு என்று விலை எழுதிக் கொடுக்கின்றன. ஆலை விவசாயிக்கு அப்படி எழுதிக் கொடுப்பதில்லை. லிட்டர் விலையோடு குவிண்டால் விலையையும் சேர்த்துக் கட்டினால்தான் இந்தத் திட்டத்தை நம்பி விதைக்கலாம். 2018இல் வந்த படைப்புழு இன்னும் போகவில்லை, குருத்தைப் பிரித்து மருந்து வைக்கிற கூலியே ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது என்பதையும் அந்த விலையில் சேர்க்க வேண்டும்.

அரசு முடிவு செய்ய வேண்டிய இடத்தில் நான் இருந்தால், எத்தனாலுக்கென்றே பாசனக் கரும்பு போடுவதை நீர் வற்றிய வட்டாரங்களில் ஊக்குவிக்க மாட்டேன். சி-ஹெவி பாகின் விலையை உயர்த்துவேன். தஞ்சை, கடலூரில் ஆற்றுநீர் பாயும் இடத்தில் கரும்பு இருக்கட்டும். மக்காச்சோளத்தில் மழைக்கால விளைச்சலை முதலில் தீவனத்துக்கு, மிஞ்சியது எத்தனாலுக்கு என்று வரிசை வைப்பேன். அரியானாவின் பானிப்பட்டில் 2022 முதல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிற ஆலை இருக்கிறது. நம் ஊரில் அடித்துப் போட்ட மக்காச்சோளச் சக்கைக் குவியல்கள் ஒவ்வொரு களத்திலும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன, அவற்றைக் கேட்டு இதுவரை ஒரு தரகரும் வரவில்லை.

என் ஐந்து ஏக்கருக்கு எடுத்த முடிவு இது. மறுதாம்பு நிற்கிற ஒரு ஏக்கர் கரும்பை இந்த வெட்டோடு முடித்துவிட்டு, தட்டைப்பயறு போட்டு மண்ணை ஆற விடுகிறேன். மூன்று ஏக்கரில் புரட்டாசியில் மக்காச்சோளம். அதில் ஒரு ஏக்கர் விளைச்சல், 14 விழுக்காடு ஈரத்துக்குக் காயவைத்து, மச்சானுக்கு என்று பேசியாகிவிட்டது. மற்ற இரண்டும் யார் கூடுதலாகக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு. மீதி ஒரு ஏக்கரில் பாதி குச்சிக்கிழங்கு, பாதி இனிப்புச் சோளம். பிழிய ஆலை இல்லை, தெரியும். தானியம் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. கரும்பு அலுவலரிடம் இந்த ஆண்டு பதிவு இல்லை என்று சொன்னபோது அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணினார். பிறகு ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.